கையுறைச் சோதனையும் முதுகின் கணக்கும்

உலக மருத்துவமனைகள் பயன்படுத்தும் கையுறைகளில் பெரும்பங்கை உற்பத்தி செய்யும் மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேரு வட்டாரம் அத்தொழிலின் முக்கிய மையங்களுள் ஒன்றாகும். முன்பு இவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் வாளிகளைச் சுமந்தே பாலை ஆலைக்குச் சேர்த்தனர். கையுறை ஆலைகளில் இயந்திரங்கள் பெருகிவிட்ட பிறகும், தரச்சோதனைப் பகுதியில் சுமக்கும் வேலை இன்னும் மனித முதுகை விட்டு நீங்கவில்லை.

கையுறையின் துளையைக் கண்டறிய, அதில் ஒரு லிட்டர் நீரை நிரப்பித் தொங்கவிட்டு, சுமார் இரண்டு நிமிடம் கழித்துக் கசிவு உண்டா எனப் பார்ப்பதே வழக்கமான முறை. ஒவ்வொரு கையுறையையும் இவ்வாறு சோதிக்க இயலாது என்பதால், ஒரு லட்சம் கையுறை கொண்ட தொகுதிக்கு 200 மட்டும் மாதிரியாக எடுக்கப்படுகின்றன. ஏற்கத்தக்க குறை அளவு 1.5 என்று வகுக்கப்பட்டிருந்தால், அவற்றுள் ஏழு கசிந்தாலும் தொகுதி தேறும், எட்டாவது கசிந்தால் நிராகரிக்கப்படும். இக்கணக்கு முழுவதும் ஒரே நிபந்தனையைச் சார்ந்தது: மாதிரி, எங்கிருந்தும் பாகுபாடின்றி எடுக்கப்பட வேண்டும். பேலட் எனப்படும் அடுக்குப் பலகையின் அடித்தட்டிலுள்ள பெட்டிக்கும் மேல்தட்டிலுள்ள பெட்டிக்கும் சமவாய்ப்பு இருந்தாக வேண்டும். ஆனால் களைத்த கை எளிதில் எட்டும் பெட்டியையே நாடும். அதனால் முதுகுவலி, தொழிலாளியின் துன்பமாக மட்டும் நில்லாமல், சோதனையின் நம்பகத்தையே அரிக்கிறது.

ஆயிரம் கையுறை அடங்கிய பெட்டி ஐந்தாறு கிலோதானே என்று எண்ணுவது தவறு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த தூக்கும் சமன்பாடு, எடையைத் தனியே பாராமல் தூக்கும் நிலையையும் சேர்த்தே அளக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்று தொடங்கும் அக்கணக்கு, சுமையைப் பற்றும் இடம் கணுக்காலிலிருந்து 50 சென்டிமீட்டர் விலகியிருந்தால் வரம்பை 11.5 கிலோவாகப் பாதியாக்குகிறது; உடலைப் பக்கவாட்டில் 90 பாகை முறுக்கித் தரைமட்டத்திலிருந்து எடுத்தால் அது 6 கிலோவுக்குச் சற்று மேலாகச் சுருங்குகிறது. இதே அசைவு ஒரு மணி நேரத்தில் பலமுறை நிகழுமானால் வரம்பு மேலும் இறங்கும் என்பதால், சிறிய பெட்டியும் பெருஞ்சுமையாகிவிடுகிறது.

இங்குதான் தூக்கும் கருவிகள் பயன்படுகின்றன. கத்தரிக்கோல் போன்ற கால்களை எண்ணெய் அழுத்தத்தால் விரித்து உயரும் மேசை, பேலட்டை இடுப்பளவுக்கு உயர்த்துகிறது. வெற்றிடத்தால் பெட்டியைப் பற்றித் தூக்கும் உறிஞ்சுக் குழாய், கையின் வேலையை வெறும் திசைகாட்டலாகக் குறைக்கிறது. ஆழமான தொட்டியில் குவிந்த கையுறைகளை எடுக்கவோ, அத்தொட்டியையே சாய்த்துத் தரும் சாய்வுமேசை உண்டு. சுமை குறையக் குறைய ஸ்பிரிங் விசையால் தானே உயரும் மேசையே இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானது எனலாம். ஏனெனில், மற்றக் கருவிகளில் பொத்தானை அழுத்திக் காத்திருக்கும் நேரம் குனிந்தெடுக்கும் நேரத்தைவிட நீண்டால், உற்பத்தி இலக்குக்கு அஞ்சும் தொழிலாளி கருவியை ஒதுக்கிவிட்டுக் குனிவார். அது அவர் குற்றமன்று.

மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2017இல் உடலியைபு இடர் மதிப்பீட்டுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. 1994ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்து, இடர் மதிப்பீட்டை முதலாளிமாரின் கடமையாக்கியுள்ளது. அம்மதிப்பீட்டின்போது நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள் உள்ளிட்ட சோதனை ஊழியர்களிடம் எந்தத் தட்டு எட்டவில்லை, எந்த அசைவு வலிக்கிறது என்று அவரவர் மொழியிலேயே கேட்டறிந்து, அதன் பின்னரே மேசையின் உயரம் முடிவு செய்யப்பட வேண்டும்.