காரீயம்: திருமேனியில் துணை, பாத்திரத்தில் பகை

உற்சவமூர்த்தி வீதியுலா எழுந்தருளுகையில், அடியவர் கண்கள் திருமுகத்தின் புன்னகையிலும் விரல்நுனியின் நளினத்திலும் ஆபரணங்களின் நுண்ணிய வேலைப்பாட்டிலும் நிலைத்து நிற்கும். அந்த நுட்பத்திற்குத் துணைநின்ற உலோகங்களுள் காரீயமும் ஒன்று என்பதைப் பலர் அறியார்.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் மெழுகு வார்ப்பு முறையில் திருமேனிகளை உருவாக்குகின்றனர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைத்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் வார்க்கப்படும். அதில் பெரும்பங்கு செம்பு. உடன் பித்தளையும் சிறிதளவு காரீயமும் சேரும். பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிய அளவில் இடப்படும். தென்னாட்டுப் படிமங்களை ஆராய்ந்த பெங்களூருப் பேராசிரியர் சாரதா சீனிவாசன், அவற்றுள் பெரும்பாலானவை செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றும் சேர்ந்த வெண்கலமே என்று கண்டறிந்தார்.

செம்பும் வெள்ளீயமும் பாலும் நீரும் போல ஒன்றிவிடும். காரீயத்தின் இயல்பு வேறு. உருகிய நிலையில் உடனிருக்கும். செம்பு இறுகத் தொடங்கியதும் ஒதுங்கி நிற்கும். தனிச்செம்பு 1085 பாகை செல்சியஸில் உறைகிறது. காரீயமோ 327 பாகை வரை திரவமாகவே இருக்கும். ஆகவே அது இறுகிய உலோகத்தின் இடுக்குகளில் நுண்ணிய திவலைகளாகத் தங்கி, கடைசியில் உறைகிறது. மெருகேற்றிய துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், பொன்னிறப் பரப்பில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடப்பது தெரியும்.

இந்தத் திவலைகளால் விளையும் நன்மை பெரிது. வார்க்கும்போது உலோகம் மெல்லிய விரலிடை வரை எளிதாகப் பாய்கிறது. குளிர்ந்து சுருங்கும்போது தோன்றும் நுண்துளைகளைக் காரீயம் அடைக்கிறது. செதுக்கும்போது உளி வழுக்கிச் செல்ல, சீவல்கள் எளிதில் உதிர்கின்றன. அளவு மிகுந்தாலோ, கனமான காரீயம் அடியில் படிந்து உலோகத்தின் உறுதியைக் குலைத்துவிடும்.

திருமேனிக்குத் துணையான அதே ஒதுங்கிய இயல்பே உணவுப் பாத்திரத்தில் பகையாகிறது. பித்தளையிலும் வெண்கலத்திலும் காரீயம் கலந்திருந்தால், பரப்பில் தனித்து நிற்கும் திவலைகளைப் புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் புளிப்பு கரைத்துவிடும். காரீயத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கேடும் வரக்கூடும். குழந்தைகளுக்கோ மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். வெளிப்படையான அறிகுறி இல்லாமலே இத்தீங்கு நிகழலாம் என்பதே கவலைக்குரியது.

‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரு உலோகங்களைக் குறிப்பதும் குழப்பத்திற்கு இடமளிக்கிறது. ரசம் மணக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நவச்சாரம் இட்டுப் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசப்பட வேண்டியதும் வெள்ளீயமே. தூய வெள்ளீயம் 232 பாகையில் உருகும். வெறும் சொம்பை அடுப்பிலேற்றக் கூடாது என்று மூத்தோர் எச்சரித்தது இதனால்தான். ஏறத்தாழ 62 பங்கு வெள்ளீயமும் 38 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 பாகையிலேயே உருகிப் படரும். மின்கருவிகளின் பற்றவைப்புக்கு உகந்த இக்கலவை, பாத்திரப் பூச்சுக்கு அறவே ஆகாது. வெள்ளீயத்தைவிடக் காரீயம் விலை குறைவு என்பதால் கலப்படத்திற்கும் இடமுண்டு.

தூய வெள்ளீயத் தகட்டை வளைத்தால் மெல்லிய நொறுங்கும் ஒலி கேட்கும். காரீயத்தைத் தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு விழும். எனினும் சிறிதளவு கலப்பைக் கண்ணாலோ காதாலோ அறிய இயலாது. எக்ஸ் கதிரால் உலோகத்தைப் பகுத்தறியும் சோதனையே நம்பத்தக்கது. சொம்பை வாங்கும்முன் அத்தகைய சான்றைக் கேட்டுப் பெறுவதில் தவறில்லை.

பூஜையறையிலும் சிறு கவனம் போதும். பித்தளை விக்கிரகத்திற்குத் தயிர், பஞ்சாமிர்தம் கொண்டு அபிஷேகம் செய்தால், அதனைப் பேரக்குழந்தைகளுக்குப் பிரசாதமாக அளிக்காமல், கால்படாத இடத்தில் சேர்த்துவிடலாம். பிரசாதத்திற்கென வேறு கிண்ணத்தில் நிவேதனம் செய்யலாம். புளியிட்டு விக்கிரகத்தைத் துலக்கியபின் நன்கு கழுவி, கைகளையும் சோப்பிட்டுக் கழுவுதல் நலம். துளசி தீர்த்தத்தை வெள்ளிப் பாத்திரத்தில் வைப்பது உத்தமம். இவற்றால் பக்தியில் எக்குறையும் நேராது. இறைவன் பிரசாதத்தை நம்பிக்கையோடு ஏந்தும் சிறு கைகளுக்குப் பாதுகாப்பும் கிட்டும்.