கண்ணாடியில் தெரியும் பொட்டு

போன ஆடி மாதம் ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து என் பெண் போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"அம்மா, குழந்தை போட்டோ எல்லாம் போயிடுச்சும்மா!"

"ஏண்டி, போன் தொலைஞ்சு போச்சா?"

"போன் இருக்கு. இடமில்லை, இடமில்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. மேலேதான் ஒரு காப்பி இருக்கேன்னு, போன்ல இருந்ததை அழிச்சேன். இப்ப பிறந்த நாளுக்குப் படம் தேடினா, மேலேயும் இல்லை."

'மேலே' என்று அவள் சொன்னது இணையச் சேமிப்பை. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது எல்லாம் அதில்தான். என் மாமியார் காலமாவதற்குப் பத்து நாள் முன்பு, கொள்ளுப்பேரனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த படமும் அதில்தான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

கடலூர்க்காரர்களான நமக்கு, பொருள் போவது புதிதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்புப் பக்கம் எத்தனை டிரங்குப் பெட்டிகள் கடலோடு போயின! 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2015-ல் வெள்ளம். வீட்டுப் பத்திரம் நனைந்துபோனால்கூடச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு இருக்கிறது. சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிரிப்புக்கு எந்த ஆபீசில் போய் நகல் கேட்பது?

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் தெரிந்தவர். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம் எடுக்கும் படம் முதலில் போனில் இருக்கிறது. பிறகு அதே படம் தானாகவே இணையச் சேமிப்புக்கும் போகிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கண்ணாடியில் தெரிகிற பொட்டு மாதிரி. நெற்றியில் அழித்தால் கண்ணாடியிலும் போய்விடும். மற்றொன்று, அடுத்த வீட்டுக்குக் கொடுத்து வைத்த உறை மோர் மாதிரி. நம் வீட்டில் தீர்ந்தாலும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வரலாம். என் பெண்ணிடம் இருந்தது கண்ணாடி. அவள் அதை உறை மோர் என்று நினைத்துவிட்டாள்!

நல்லவேளையாக, அழித்த படங்கள் அங்கே ஒரு குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்குமாம். மேலே ஏறியவற்றுக்கு 60 நாள், ஏறாதவற்றுக்கு 30 நாள் கெடு. அவள் அழித்து 40 நாள் ஆகியிருந்தது. பெரும்பாலான படங்கள் திரும்பி வந்தன. ஆனால் இலவச இடம் நிரம்பிவிட்டதால், கடைசி இரண்டு மாதப் படங்கள் மேலே ஏறவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. பாட்டி படமும் அதில் ஒன்று.

அடுத்த வாரம் சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசித்தபோது, தேவாரத்துக்கு நேர்ந்ததுதான் நினைவுக்கு வந்தது. மூவர் பாடிய ஏடுகள் இந்தக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன; ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து திறந்தபோது, பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். மிஞ்சியது ஏறக்குறைய எண்ணூறு பதிகங்கள். ஆனால் திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய் என்ற ஊர்க் கோயிலில், ஏடுகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று 1917-ல் கல்வெட்டில் கிடைத்தது. வேறு ஊரில், வேறு பொருளில் இருந்ததால் அது பிழைத்தது.

எங்கள் பாட்டி படமும் அப்படித்தான் பிழைத்தது. எடுத்த அன்றே என் பெண் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அப்படி வந்த படம் கொஞ்சம் தெளிவு குறைவு; ஆனால் சிரிப்பு அப்படியே இருக்கிறது.

பெரிய இடத்திலும் இந்தத் தொல்லை உண்டு. மும்பை தேசியப் பங்குச் சந்தை தன் கணக்குகளை இரண்டாவது இடத்திலும் நகலாக வைத்திருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று தகவல் இணைப்புகள் தடுமாறி, அதனால் முதன்மைச் சேமிப்பே எட்டாமல் போய், காலை 11.40-க்கு நின்ற வியாபாரம் பிற்பகல் 3.45-க்குத்தான் மறுபடி தொடங்கியது. ஆக, நகல் இருந்தால் மட்டும் போதாது. அவசரத்துக்குக் கைகொடுக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

சகோதரிகளே, நாங்கள் இப்போது செய்வது இதுதான்:

* வேண்டாத படம் ஒன்றைப் போனில் அழித்து, மேலே இருக்கிறதா என்று பாருங்கள். போய்விட்டால் உங்களுடையதும் கண்ணாடிதான்.

* மாதம் ஒரு முறை படங்களைத் தனி ஹார்டு டிஸ்கில் ஏற்றி, கழற்றி வையுங்கள். செருகியே வைத்தால் ஒரே கோளாறில் இரண்டும் போகலாம்.

* ஒரு நகல் வெளியூரில் இருக்கட்டும். கடலூரும் சிதம்பரமும் ஒரே புயலில் நனையும் ஊர்கள். அதனால் எங்களுடையது கோயம்புத்தூரில் தம்பி வீட்டு பீரோவில்.

* தடுப்பூசி அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து இவற்றோடு சேருங்கள்.

* மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகலைத் திறந்து, கடைசியாக எடுத்த படம் அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். என் பெண் இதைச் செய்திருந்தால் அந்த இரண்டு மாதம் போயிருக்காது.

ஊறுகாய் ஜாடியை வாரம் ஒரு முறை திறந்து கிளறுகிற நமக்கு இது பெரிய வேலையா? பாட்டி படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டோம். பேரன் அதைப் பார்த்துக் கை நீட்டுகிறான்.