‘அர்ஜென்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரடையும் ‘அவசரம்’ என்னும் தமிழ்ச் சொல்லும்

‘அர்ஜென்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரடை, ‘நெருக்கு, உந்து’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ‘வற்புறுத்து’ எனப் பொருள்படும் ‘அர்ஜ்’ என்னும் வினையும் அவ்வேரினதே. இப்பெயரடை இருவகைப் பெயர்களைத் தழுவி வருகின்றது. செய்தி, பணி, தேவை போன்றவற்றோடு வருங்கால் காலத்தாழ்வு பொறாத நிலையைச் சுட்டுகின்றது. குரல், கிசுகிசுப்பு போன்றவற்றோடு வருங்கால் பேசுவோரின் வற்புறுத்தலைச் சுட்டுகின்றது.

தமிழில் இதற்கு நிகராகப் பெரிதும் வழங்குவது ‘அவசரம்’ என்பதாகும். ‘அவசரச் செய்தி’, ‘அவசர வேலை’ என முதல்வகைக்கு இது பெரும்பாலும் பொருந்துகின்றது. இரண்டாம் வகைக்குப் பொருந்துவதில்லை. ‘அவசரமான குரல்’ என்பது விரைந்து பேசும் குரலையே உணர்த்தும். அங்கு ‘வற்புறுத்தும் குரல்’ என்பதே ஏற்புடையது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. தமிழில் அவசரம் செயலின் நிலையை மட்டுமன்றிச் செய்வோரின் பண்பையும் குறிக்கும். ‘அவசரக்காரன்’, ‘அவசரக் குடுக்கை’ என்னும் வழக்குகளிலும், ‘அவசரக் கோலம் அள்ளித் தெளித்தாற்போல’ என்னும் பழமொழியிலும் இப்பழிப்புப் பொருள் வெளிப்படை. ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு உரிய சொல் ‘ஹேஸ்டி’ என்பதாகும். ஆகவே, விரைந்து எடுக்கவேண்டிய முடிவை ‘அவசர முடிவு’ எனப் பெயர்த்தால், ஆராயாது எடுத்த முடிவு எனப் பொருள் திரிந்துவிடும்.

‘அவசரம்’ வடமொழிச் சொல். அங்கு இதற்குத் தறுவாய், வாய்ப்பு என்பன பொருள். இந்தியும் மலையாளமும் ‘வாய்ப்பு’ என்னும் பொருளைப் போற்றியுள்ளன. தெலுங்கில் இது ‘தேவை’ எனப் பொருள்படும். கன்னடத்தில் தமிழைப் போன்று விரைவைக் குறிக்கும். இந்திய மொழிகளுக்கிடையே பெயர்ப்போர் ஒலி ஒப்புமையை நம்புதல் தகாது.

மருத்துவத் துறையில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. பிரிட்டனில் 2004-இல் திருத்தியமைக்கப்பட்ட வகைப்பாடு அறுவை மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றது. உயிர்காக்க நிமிடங்களுக்குள் செய்யவேண்டியது ‘இமீடியட்’. மணிக்கணக்கில் செய்யவேண்டியது ‘அர்ஜென்ட்’. நாட்கணக்கில் செய்யத்தக்கது ‘எக்ஸ்பெடைட்டட்’. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வது ‘எலெக்டிவ்’. முதலிரண்டையும் ‘அவசர அறுவை’ என்றே பெயர்த்தால், ஒப்புதல் படிவத்தைப் படிக்கும் குடும்பத்தார் தமக்குள்ள கால அளவை அறிய இயலாது. முறையே உடனடி, அவசர, விரைவு, திட்டமிட்ட எனப் பகுத்து வழங்குதல் தெளிவு தரும்.

சுருங்கக்கூறின், நெருக்கடி பொருளுக்கு உரியதா, பேசுவோருக்கு உரியதா, அது அனுமதிக்கும் காலம் எவ்வளவு என்பவற்றைத் தெளிந்த பின்னரே நிகர்ச்சொல்லைத் தேர்தல் வேண்டும்.