அக்கரைக்கு ஒரு கணக்கு

கொச்சங்காடி என்று சொன்னால் நம் மன்றத்து நண்பர்களிற் பலர், "அஃது எங்கே இருக்கிறது?" என்று கேட்கின்றனர். மட்டாஞ்சேரியில் இருக்கிறது. 1344ஆம் ஆண்டில் யூதர்கள் அங்கே எழுப்பிய தொழுகைக்கூடம் இன்றில்லை. அதன் கல்வெட்டு மட்டும் பரதேசித் தொழுகைக்கூடத்துச் சுவரில் பதிந்திருக்கிறது. வந்தவர்களை வாழவைத்த ஊர். பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து வந்த என் பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே.

அவ்வூரிலிருந்து நாள்தோறும் நான் பல்கலைக்கழகம் வந்து சேர்வது எளிதன்று. கொச்சி நிலத்தால் ஆன நகர் என்பதைவிட நீரால் பிரிந்த நகர் என்பதே பொருந்தும். மேற்கே மட்டாஞ்சேரி, கிழக்கே எர்ணாகுளம், இடையே காயல். காயலின் நடுவிலுள்ள வில்லிங்டன் தீவின் பெரும்பகுதியோ, 1920இல் இங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்துக்காகத் தோண்டியெடுத்த மண்ணால் ஆனது. இத்தகைய ஊரில் ஒரு பாலம் எங்கே வருகிறது, ஒரு படகு எங்கே நிற்கிறது என்பவற்றைப் பொறுத்தே பல்லாயிரவர் வாழ்க்கை அமைகிறது. ஆகவே, நெடுங்காலப் போக்குவரத்துத் திட்டம் எப்படித் தீட்டப்படுகிறது என்பதை நண்பர்களுக்கு விளக்க விரும்புகிறேன். புள்ளியியல் பயிலும் மாணவன் என்பதே எனக்குள்ள ஒரே தகுதி.

திட்டம் என்பது பெரும்பாலும் இருபதாண்டுகளை நோக்கியது. இன்றைக்கு நெரிசல் எங்கே என்று பார்த்து நாளைக்குச் சாலையை அகலப்படுத்துவது திட்டம் ஆகாது. அது மருத்துவமின்றி வலிக்கு மாத்திரை விழுங்குவது போன்றது. 1950களில் அமெரிக்காவின் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களில் உருவான முறையே இன்றும் உலகெங்கும் அடிப்படை. அதில் நான்கு கேள்விகள் உண்டு. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எத்தனை பயணங்கள் புறப்படும்? அவை எங்கே போய்ச் சேரும்? எதில் ஏறிப் போகும்? எந்த வழியாகப் போகும்?

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் முறை சுவையானது. நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போன்றதொரு விதியை இங்கே கையாள்கின்றனர். ஓர் இடம் பெரிதாயின் அதிகம் இழுக்கும். தொலைவாயின் குறைவாக இழுக்கும். கற்பனையாக எண்களை வைத்துப் பார்ப்போம். கொச்சங்காடியிலிருந்து 600 பேர் வேலைக்குப் புறப்படுகின்றனர். அருகே 300 வேலைகள் உள்ள கடைவீதி, 20 நிமிடத் தொலைவு. அக்கரையில் 900 வேலைகள், 60 நிமிடத் தொலைவு. தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் கடைவீதிக்கு 0.75, அக்கரைக்கு 0.25. ஆக, 450 பேர் இங்கேயே தங்குவர். 150 பேரே அக்கரை செல்வர். இப்போது ஒரு விரைவுப் படகு வந்து 60 நிமிடத்தை 30 ஆக்கிவிட்டது என்க. அக்கரையின் இழுவிசை 1 ஆகிறது. உடனே ஏறக்குறைய 343 பேர் அக்கரைக்குப் போவர் என்று கணக்கு கூறுகிறது! ஆட்கள் அதே ஆட்கள்தாம். "போவோர் இல்லை, ஆகவே படகு வேண்டா" என்று சொல்லும் அதிகாரியிடம் இக்கணக்கைக் காட்டலாம். படகு இல்லாததால்தான் போவோர் இல்லை.

கொச்சியில் இது வெறும் கற்பனையன்று. 2017 ஜூன் 17இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிற்று. 2023 ஏப்ரலில் மின்கலத்தால் இயங்கும் நீர்மெட்ரோப் படகுகள் வந்தன. பத்துத் தீவுகளை 38 துறைகளாலும் 78 படகுகளாலும் இணைப்பது அதன் நோக்கம். எங்கள் மட்டாஞ்சேரித் துறை திறந்தது 2025 அக்டோபரில்தான். பேருந்து, ரயில், படகு மூன்றையும் ஒரே குடையின்கீழ்க் கொணர 2019இல் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது.

இனி, முதல் கேள்விக்கு வருகிறேன். எத்தனை பயணங்கள் என்பதை அறிய வீடுவீடாகச் சென்று கேட்கின்றனர். அத்தகைய கணக்கெடுப்பு ஒன்றுக்காக எங்கள் வீட்டுக்கும் ஓர் இளைஞர் வந்தார். அப்பா விடை சொன்னார். தாம் கிடங்குக்குப் போய்வருவதைச் சொன்னார். என் படிப்பைச் சொன்னார். அம்மாவைப் பற்றிக் கேட்டபோது, "அவளா? அவள் எங்கேயும் போறதில்லை, வீட்டிலேதான்" என்றார். இளைஞர் சுழி போட்டார். வேடிக்கை என்னவெனில், அவ்வேளையில் அம்மா வீட்டில் இல்லை!

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்றிரவு அம்மாவிடம் கேட்டு எழுதினேன். விடியலில் சந்தை, திரும்ப வீடு. பேருந்தில் ஃபோர்ட் கொச்சியில் வேலைசெய்யும் முதல் வீடு, அங்கிருந்து நடந்து இரண்டாம் வீடு. பேருந்தில் ரேஷன் கடை, நடந்து வீடு. மாலையில் மருந்துக்கடை, மீண்டும் வீடு. எட்டுப் பயணங்கள். அப்பாவுக்கு இரண்டே. நூற்றில் ஒரு வீட்டைக் கேட்டு அதை நூறால் பெருக்குவது முறை என்று கொண்டால், அந்த ஒரு சுழியால் எண்ணூறு பயணங்கள் மறைந்துவிட்டன. பிறர் சார்பில் விடை சொல்லும்போது பயணம் குறைவாகவே பதிவாகும் என்பதும், நடைப்பயணம் எளிதில் விடுபடும் என்பதும் பாடப்புத்தகத்தில் நான் படித்தவையே. படித்து என்ன?

இக்குறையைத் தீர்க்க உதவக்கூடியது மக்கள் கருத்தைக் கேட்பது என்னும் வழக்கம். அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டுச் சட்டம், நகரங்களும் மாநிலங்களும் ஒன்றுகூடித் தொடர்ந்து திட்டமிட்டால்தான் சாலைப் பணம் உண்டு என்றது. பொதுமக்கள் பங்கேற்பு பின்னர் வலுப்பெற்றது. நம் கேரளம் 1996 ஆகஸ்டு 17இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் தந்தது. குடிமக்கள் கூடி, "எங்களுக்கு இது தேவை" என்று சொல்லும் பழக்கம் இங்குப் புதிதன்று.

ஆயினும் கூட்டம் எப்போது கூடுகிறது என்பதும் ஒரு கேள்வி அன்றோ? நான் போன கருத்துக்கேட்புக் கூட்டம் வேலைநாளில், அக்கரையில், காலை பதினொரு மணிக்கு நடந்தது. அந்நேரம் அம்மா இரண்டாம் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். வண்ணக் கோடுகள் இழுத்த பெரிய வரைபடத்தின்முன் எழுந்து, எட்டுப் பயணங்களையும் சொன்னேன். சிலர் சிரித்தனர். மேசையிலிருந்தவர் சிரிக்கவில்லை, "எழுத்தில் கொடுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து மலையாளத்தில் எழுதி, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நண்பகலில் பேருந்து, விடியலில் முதற்படகு என்று இரண்டு கோரிக்கைகள். அம்மா கேட்டுவிட்டு, "இன்னொண்ணும் எழுதுடா. படகுத்துறையில கூடையை இறக்கி வைக்க ஒரு திண்ணை வேணும்" என்றார்.

மூன்றாவது கோரிக்கையாக அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.