பழைய கப்சாயைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் பெட்ரோல் டியூப்பை மாற்றுங்கள்

அப்பாவும் தாத்தாவும் ஓட்டிய ஹோண்டா சி70 கப்சாயைத் தூசு தட்டிப் புதுப்பிப்பது இன்று பல இளைஞர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகவும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடவும் உழைத்த வண்டி அது. பெயிண்ட், சீட், குரோம் என்று செலவு செய்பவர்கள், சில ரிங்கிட்டில் கிடைக்கும் பெட்ரோல் டியூப்பை மறந்துவிடுகிறார்கள்.

ரப்பர் டியூப் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகிவிடும். லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ, மேற்புறம் ஈரமாக இருந்தாலோ, நிறுத்திய வண்டியில் பெட்ரோல் வாடை வந்தாலோ உடனே மாற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவி, தொலைவில் எரியும் சாமி விளக்கையும் எட்டக்கூடும்.

கடையில் பெட்ரோலுக்கென்றே செய்த டியூப்பைக் கேளுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு 'எஸ்ஏஇ ஜே30 ஆர்7' என்று அச்சிட்ட டியூப் ஏற்றது. மீன்தொட்டிக்குப் பயன்படும் நிறமற்ற பிளாஸ்டிக் டியூப் வேண்டாம். பெட்ரோல் பட்டால் அது விரைவில் விறைத்துவிடும். பழைய டியூப்பின் உள்விட்டத்தை அளந்து, அதே அளவில் வாங்குங்கள்.

வேலையைத் திறந்தவெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பழைய சி70 வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் சாவி கார்புரேட்டரிலேயே இருக்கும். அதாவது, சாவியை மூடினாலும் டியூப்பில் பெட்ரோல் நிற்கும். அதனால் டாங்கியைக் காலி செய்துவிட்டே டியூப்பைக் கழற்ற வேண்டும். வடித்த பெட்ரோலை மூடியுள்ள எரிபொருள் கலனில் வையுங்கள், கால்வாயில் ஊற்றாதீர்கள்.

இந்த வண்டிகளில் இரண்டு டியூப்கள் இருக்கும். ஒன்று வழக்கமான ஓட்டத்துக்கு, மற்றொன்று ரிசர்வுக்கு. கழற்றுமுன் அடையாளமிட்டுக் கொள்ளுங்கள். மாற்றிப் பொருத்தினால் ரிசர்வு பெட்ரோலும் முன்பே தீர்ந்துவிடும். நடுவழியில் சாவியைத் திருப்பியும் பயனிருக்காது.

இறுகிய டியூப்பைப் பிடித்து இழுத்தால் கார்புரேட்டரின் இணைப்புக் குழல் உடையலாம். பிளேடால் நீளவாக்கில் மெல்லக் கீறி உரித்தெடுங்கள். புதிய டியூப் பழையதன் நீளத்திலேயே, மடிப்பு விழாமல், இன்ஜினில் படாமல் செல்ல வேண்டும். கிளிப்புகளையும் புதிதாகப் போடுங்கள்.

முடிந்ததும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுங்கள். அடியில் காய்ந்த நாளிதழை விரித்து, சாவியை மூன்று நிலைகளிலும் வைத்து, சற்று நேரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டியைக் கிளப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் காட்டிவிடுங்கள். பெயிண்ட் அடுத்த மாதம்கூட அடிக்கலாம்; டியூப்பை இந்த வாரமே மாற்றுங்கள்.