படிக்கும்போதே ஏறும் வட்டி

முதுநிலைப் படிப்புக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் அசலைத்தான் கணக்குப் போடுகின்றன. பிள்ளை வகுப்பில் இருக்கும்போதே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 5 லட்சமாக இரண்டு ஆண்டு எம்.பி.ஏ.வுக்கு 10 லட்சம் ரூபாய், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓராண்டு அவகாசத்தையும் சேர்த்தால், தனிவட்டிக் கணக்கிலேயே, முதல் தவணைக்கு முன் சுமார் 2.5 லட்சம் ஏறியிருக்கும்.

இந்த வட்டியை ஏற்கத்தான் மத்திய அரசு 2009-இல் வட்டி மானியத் திட்டம் கொண்டுவந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் கால வட்டியும் அவகாசக் கால வட்டியும் முழுவதும் அரசின் பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 4.5 லட்ச வரம்பு 2009-இல் வைத்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டுமே என்பதால் எம்.ஏ. வரலாறு படிப்பவருக்கு இதில் இடமில்லை. ஒருவருக்கு ஒருமுறைதான் மானியம்: பி.இ.க்கு வாங்கியிருந்தால் எம்.இ.க்குக் கிடையாது. மேலே படிக்கத் துணிந்தவரைத் தண்டிப்பது போன்ற விதி இது. அரசு முதலில் கைவைக்க வேண்டிய இடமும் இதுதான்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டம் ஓட்டையில் ஒரு பகுதியை அடைக்கிறது. தேசியத் தரவரிசையில் முன்னிலையில் உள்ள கல்லூரிகளில், தொடக்கத்தில் 860 நிறுவனங்களில், தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டித் தள்ளுபடி உண்டு. ஆனால் இந்தத் தள்ளுபடி ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான். எனவே சேரும் முன்பே கல்லூரியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இந்தத் திட்டத்தின் இணையதளத்தில் பாருங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வங்கிக் கிளையில் நடப்பது வேறு கதை. "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாராக்கடனில் 75 சதவீதம் வரை அரசு உத்தரவாதமே இருக்கிறது. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் மாணவரின் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. வேறு மாநிலத்துத் தீர்ப்புதான் என்றாலும் எடுத்துக்காட்டலாம்.

விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த வங்கியிலேயே புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன், கட்டணம் இல்லை. கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வணிக முடிவில் அவர் தலையிட மாட்டார். காலதாமதம், விதியை மீறி ஈடு கேட்டது என்று குறிப்பாக எழுதினால்தான் புகார் நிற்கும்.

அவசரத்துக்கு வங்கியல்லாத நிதி நிறுவனங்களை நாடுவோர், வட்டி வித்தியாசத்தோடு மானியத் தகுதியும் போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேலைக்குப் போனபின் கட்டும் வட்டி முழுவதற்கும் 80இ பிரிவில் எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையைத் தேர்ந்தெடுத்த இளம் ஊழியருக்கு அதுவும் இல்லை.