பட்டறையிலிருந்து வந்த காரில் எண்ணெய் சொட்டுகிறதா?

மெர்சிங் வட்டாரத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கவும் அதுவே துணை. தெற்கே ஜெமாலுவாங் வழியாகக் கோத்தா திங்கிக்குப் போனாலும், மேற்கே காஹாங் வழியாகக் குளுவாங்கிற்குப் போனாலும், வழிநெடுகக் காடும் செம்பனையும்தான். யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கைப் பலகையும் உண்டு. இரவு வேளையில் அங்கே இஞ்சின் நின்றுபோனால் குடும்பத்தின் கதி என்ன?

பட்டறையில் பணம் கட்டிக் காரை எடுத்து வருகிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் தரையில் கறுப்புப் பொட்டு! 'பழைய வண்டி, அப்படித்தான் ஒழுகும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது தவறு. பழுது பார்ப்பதற்கு முன் ஒழுகாத வண்டி பின்னர் ஒழுகினால், காரணம் பெரும்பாலும் போமன் கைவைத்த இடத்தில்தான் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதைப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் இஞ்சின் எண்ணெய். சிவப்பாக இருந்தால் கியர் அல்லது ஸ்டீயரிங் எண்ணெயாக இருக்கலாம். நிறமும் பிசுக்கும் இல்லாத வெறும் தண்ணீரென்றால் ஏர்கோனிலிருந்து வந்தது, கவலை வேண்டாம்.

பில்டரைக் கழற்றும்போது சிந்திய எண்ணெய் ஓரிரு நாள் சொட்டுவதும் உண்டு. ஆகவே இஞ்சின் ஆறிய பிறகு ஈரமான இடங்களைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சிறிது தூரம் ஓட்டி மறுபடியும் பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆதலால் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. ஈரம் தொடங்கும் மேலிடத்தைத் தேடுங்கள்.

எண்ணெய் மாற்றிய பிறகு ஒழுகினால் மூன்று இடங்களைக் கவனியுங்கள். அடி நட்டின் வாஷரைப் புதிதாகப் போடாமல் விட்டிருக்கலாம். பழைய பில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதிய பில்டரை முடுக்கியிருக்கலாம். அல்லது எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். இஞ்சினின் மேல்மூடியைத் திறந்து வேலை செய்திருந்தால் அதன் கேஸ்கட்டைப் பாருங்கள். கிளட்ச் வேலைக்குப் பிறகு இஞ்சினும் கியர் பெட்டியும் சேருமிடத்தில் ஒழுகினால் பின்புற ஆயில் சீலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ரப்பரின் கதை

பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. மரத்துப்பாலில் செய்த ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி, வலுவிழந்துவிடும். ஆகவேதான் இஞ்சின் சீல்களை நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அதுவும் பல ஆண்டுச் சூட்டில் இறுகிப் போகிறது. இறுகிய கேஸ்கட்டைக் கழற்றி மீண்டும் பூட்டினால் சரியாகப் படியாது. அதன்மேல் பசையை அள்ளிப் பூசுவதும் வினைதான். பிதுங்கும் பசை உள்ளே விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடக்கூடும். சில வெள்ளி பெறும் கேஸ்கட்டில் மிச்சம் பிடிக்கப் பார்த்து இஞ்சினையே இழக்கலாமா?

சிவப்பு விளக்கு

பல சிறிய கார்களில் மொத்தம் 3 அல்லது 4 லிட்டர் எண்ணெய்தான் பிடிக்கும். சமதரையில் காரை நிறுத்தி, 5 நிமிடம் கழித்து அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஓடும்போது எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால், 'வீடு வரை போய்விடலாம்' என்று எண்ணாதீர்கள். ஓரமாக நிறுத்தி இஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய் விழுந்தால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

உங்கள் உரிமை

பழுது பார்த்த பட்டறைக்கே முதலில் போங்கள். வேறு போமனிடம் கழற்றக் கொடுத்தால், யார் கை பட்டுக் கெட்டது என்ற வழக்கு வரும். ரசீதையும், ஒழுகும் இடத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தையும் கொண்டு போங்கள். சண்டை வேண்டாம். "தவுக்கே, வேலை செய்த மறுநாளிலிருந்து இங்கே ஒழுகுகிறது. கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்" என்று பணிவாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் மறுக்கமாட்டார்.

மறுத்தால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கூலி வாங்கிச் செய்யும் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். குறையிருந்தால் சரிசெய்து தரும்படி கேட்கலாம். செய்யாவிட்டால் திரிபியூனல் துன்துத்தான் பெங்குனா மலேசியா எனும் நடுவர் மன்றத்தில் 3 ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. 2019-இல் செய்த திருத்தத்தின்படி 50,000 வெள்ளி வரை கோரலாம்.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு துண்டுக் காகிதம். ஆகவே காரை எடுக்கும்போதே செய்த வேலையும் மாற்றிய சாமானும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்திற்குக் கணக்குக் கேட்பதில் வெட்கம் எதற்கு?